கோல்மாரில் இசன்ஹைம் பீட ஓவியம்: எந்த வரிசையில் பார்ப்பது, எங்கே நிற்பது

பிரான்சின் அல்சாஸ் பகுதியில், ஜெர்மனி எல்லையை ஒட்டி இருக்கிறது கோல்மார். அங்குள்ள உண்டர்லிண்டன் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே ஒரு பொருளுக்காகத்தான் போகிறார்கள்: 1512-க்கும் 1516-க்கும் இடையில் மத்தியாஸ் குரூனேவால்ட் வரைந்த இசன்ஹைம் பீட ஓவியம். துன்பத்தைப் பற்றியும் நம்பிக்கையைப் பற்றியும் கிறிஸ்தவ விசுவாசம் என்ன சொல்கிறது என்று எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருப்போம். நோயாளிகளின் கண் முன்னால் வைப்பதற்கென்றே அதை மரத்திலும் நிறத்திலும் செய்து வைத்த இடம் இதைப் போல வேறு இருப்பதாகத் தெரியவில்லை. நேரமும் பணமும் செலவழித்துப் போகத் தகுந்த இடம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் வரிசை தெரியாமல் உள்ளே போனால் பாதி கை நழுவிவிடும். அதனால்தான் இந்த மதிப்புரை கொஞ்சம் நீளம்.

முதலில் இது எதற்காகச் செய்யப்பட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டும். கோல்மாருக்குத் தெற்கே இருக்கும் இசன்ஹைம் என்ற ஊரில் அந்தோணியார் சபைத் துறவிகளின் மடமும் அதோடு சேர்ந்த மருத்துவமனையும் இருந்தன. இந்த அந்தோணியார், பாலன் இயேசுவைக் கையில் ஏந்தி நிற்கும் பதுவை அந்தோணியார் இல்லை. நம் ஊர்களில் வனத்து அந்தோணியார் என்று கும்பிடுகிறோமே, ஜனவரி 17-ல் திருநாள் வருமே, எகிப்து பாலைவனத்துத் துறவி, அவர்தான். 'அந்தோணியார் நெருப்பு' என்று ஐரோப்பாவில் பெயர் பெற்ற ஒரு நோய்க்கு இந்தச் சபையார் வைத்தியம் பார்த்தார்கள். ரை என்ற தானியத்தின் கதிரில் எர்காட் பூஞ்சை பிடிக்கும். அந்த மாவில் சுட்ட ரொட்டியைத் தின்றவர்களுக்கு இரத்தக் குழாய்கள் சுருங்கும். கை கால் தீயில் வைத்ததுபோல் எரியும். பிறகு மரத்துப்போய், கறுத்து, அழுகும். சிலருக்கு வலிப்பும் பிரமையும் வரும். நம் பக்கத்துக் கம்புப் பயிரில் தேன் ஒழுகல் நோய் என்று சொல்வது இதே பூஞ்சைக் குடும்பத்தின் வேலை. 10 லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ உப்பைக் கரைத்து, விதையை அதில் போட்டு, மிதப்பதைத் தள்ளிவிட்டு விதைக்கச் சொல்வார்களே, அது இதற்காகத்தான்.

இசன்ஹைம் துறவிகளுக்குப் பூஞ்சை தெரியாது. ஆனாலும் நல்ல ரொட்டியும் பன்றி இறைச்சியும் கொடுத்தார்கள், மூலிகைத் தைலம் தடவினார்கள், புனிதரின் எலும்பின் மேல் ஊற்றி எடுத்த திராட்சை இரசத்தைக் குடிக்கக் கொடுத்தார்கள், அழுகிய உறுப்பை அறுத்து எடுத்தார்கள். கெட்ட ரொட்டி நின்று நல்ல ரொட்டி கிடைத்ததே பலருக்கு மருந்தாக இருந்திருக்கும். இத்தனை வைத்தியத்துக்கும் நடுவில்தான், மடத்தின் தலைவர் கீதோ குவெர்சி இந்த ஓவியத்தை வரையச் சொன்னார். வருகிற நோயாளியை முதலில் பலிபீடத்துக்கு முன்னால் கொண்டுவந்து கிடத்துவார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. ஓவியம் வைத்தியத்துக்குப் பதிலாக வைக்கப்படவில்லை, அதோடு சேர்த்து வைக்கப்பட்டது. "ஜெபம் பண்ணினால் போதும், ஆஸ்பத்திரி வேண்டாம்" என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தை மேற்கோள் காட்ட முடியாது.

அடுத்து, அது எப்படித் திறக்கும் என்று புரிந்துகொள்ள வேண்டும். இது ஒற்றைப் படம் இல்லை. இரண்டு அடுக்குக் கதவுகள் உள்ள ஒரு பெரிய மரப்பேழை. எல்லாக் கதவும் மூடியிருக்கும் சாதாரண நாட்களில் நடுவில் சிலுவை மரணம், ஒரு பக்கம் செபஸ்தியார், மறுபக்கம் அந்தோணியார், அடியில் இயேசுவின் உடலைக் கல்லறையில் வைக்கும் காட்சி. பெரிய திருநாட்களில் முதல் ஜோடிக் கதவைத் திறப்பார்கள். அப்போது இடமிருந்து வலமாக மங்கள வார்த்தை (இயேசு பிறக்கப் போவதை வானதூதர் மரியாவுக்கு அறிவிக்கும் காட்சி), வானதூதர்களின் இசையோடு இயேசு பிறப்பு, உயிர்ப்பு என்று தெரியும். இரண்டாம் ஜோடியையும் திறந்தால் உள்ளே மரச்சிற்பங்கள்: நடுவில் வனத்து அந்தோணியார், இருபுறமும் அகுஸ்தினாரும் எரோணிமுசும். சிற்பங்களைச் செதுக்கியவர் நிக்கோலஸ் ஹாகெனவர், குரூனேவால்டுக்கு முந்தியே செய்து முடித்துவிட்டார். சிற்பங்களுக்கு இரு பக்கமும் அந்தோணியாரின் வாழ்க்கையிலிருந்து இரண்டு ஓவியங்கள் வரும்.

ஆக, நோயாளி வருடத்தின் பெரும்பகுதி பார்த்துக்கொண்டிருந்தது சிலுவையைத்தான். உயிர்ப்பு அதற்குப் பின்னால் மூடிக் கிடந்தது. அது இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. உரோமையர் 8-ல் பவுல் காணாததை எதிர்நோக்கிக் காத்திருப்பதைப் பற்றி எழுதுகிறார் அல்லவா, அதை இந்தக் கதவுகள் அப்படியே செய்து காட்டின.

இங்கேதான் இன்றைய பார்வையாளருக்குச் சிக்கல். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் ஓவியம் பாதுகாப்புக்காகக் கோல்மாருக்குக் கொண்டுவரப்பட்டது. இசன்ஹைம் மடத்துக் கோயில் 1831-ல் தீக்கிரையானது. 1853-ல் திறந்த இந்த அருங்காட்சியகம், பழைய தொமினிக்கன் கன்னியர் மடத்தின் சிற்றாலயத்தில் பலகைகளைப் பிரித்து, ஒன்றன் பின் ஒன்றாக நிறுத்தி வைத்திருக்கிறது. முன்னும் பின்னும் சுற்றி வந்து எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். பலகைகளின் பாதுகாப்புக்கும், கலையைப் படிக்கிறவர்களுக்கும் இது மிக நல்ல ஏற்பாடு. ஆனால் மூடியிருப்பது, காத்திருப்பது, திறப்பது என்ற மூன்றும் இதில் போய்விட்டன. சிலுவைக்கு முன் நாலு நிமிடம் நின்றுவிட்டு, பின்னால் போய் உயிர்ப்பைப் படம் எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள்தான் அதிகம். போன வரிசையை நீங்களே திரும்ப உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அது கடினம் இல்லை.

சிலுவைப் பலகைகள் சுமார் 2.7 மீட்டர் உயரம், சேர்த்து 3 மீட்டருக்கு மேல் அகலம். முதலில் ஐந்தாறு மீட்டர் தள்ளி நில்லுங்கள். நேராக முகத்தைப் பார்க்காதீர்கள். தரையில் கிடந்த நோயாளிக்கு எது முதலில் தெரிந்திருக்குமோ அதிலிருந்து, கீழேயிருந்து மேலே போங்கள். அடிப்பலகையில் கிடக்கும் உடல், பிறகு ஒரே பெரிய ஆணியில் முறுக்கிக் கோக்கப்பட்ட பாதங்கள், பிறகு கால், விலா. இப்போது பக்கத்தில் போய்த் தோலைப் பாருங்கள். உடம்பு முழுக்கப் பச்சை பாய்ந்திருக்கிறது, அதில் முள் சிம்புகள் ஒடிந்து தைத்து நிற்கின்றன, ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒரு புண். கசையடிக் காயம் என்று மட்டும் சொல்லிவிட முடியாத அளவுக்கு இது ஒரு நோயாளியின் தோலாக இருக்கிறது. மேலே கைகளைப் பார்த்தால் பத்து விரல்களும் விறைத்து விரிந்து நிற்கின்றன. கிடைமரம் அவர் கனத்தில் வில்போல வளைந்திருக்கிறது. உதடு நீலம். முகத்துக்குக் கடைசியாக வாருங்கள்.

இங்கே ஒரு தவறு நடக்கும். "பார், அவர் பட்டதற்கு முன்னால் உன்னுடையது எம்மாத்திரம்" என்று இந்தப் படத்தை வைத்துச் சொல்லிவிடுவார்கள். இந்த ஓவியத்தில் அப்படி ஒப்பிடும் தொனி எங்கேயும் இல்லை. குரூனேவால்ட் செய்தது நேர் எதிர்த் திசையில். நோயாளியின் துன்பத்தை இயேசுவின் துன்பத்துக்கு முன் சிறியதாக்கவில்லை, அதையே எடுத்து இயேசுவின் உடம்பில் பூசிவிட்டார். எசாயா 53-ல் நம் பிணிகளைத் தாங்கிக்கொண்டவர் என்று வருவதைத் தன் காலத்து நோயைக் கொண்டு அப்படியே எழுத்துக்கு எழுத்து வரைந்திருக்கிறார். அதனால் இந்தப் படம் நோயாளியைப் பார்த்துச் சொல்வது "வாயை மூடு" என்பதல்ல, "இது உன் நோய்தான், எனக்குத் தெரியும்" என்பது.

சிலுவைக்கு வலப்பக்கம் திருமுழுக்கு யோவான் நிற்கிறார். நற்செய்திப்படி அவர் அதற்கு முன்பே கொல்லப்பட்டுவிட்டார், எனவே இது நடந்த நிகழ்ச்சியின் படமாக மட்டும் வரையப்படவில்லை என்பது இதிலேயே தெரிந்துவிடும். ஒரு கையில் திறந்த வேதம், மறு கையின் நீண்ட சுட்டுவிரல் இயேசுவை நோக்கி. அந்தக் கைக்கு மேலே சிவப்பு எழுத்தில் லத்தீன் வாசகம்: அவர் பெருகவும் நான் சிறுகவும் வேண்டும். பாசலில் இருந்த இறையியலாளர் கார்ல் பார்த் இந்தப் படத்தின் பிரதியைத் தன் எழுது மேசைக்கு மேல் மாட்டி வைத்திருந்தார், இறையியலின் வேலை அந்த விரலின் வேலைதான் என்று கருதி. இடப்பக்கம் மகதலா மரியா மண்டியிட்டுக் கைகளைப் பின்னிப் பிசைகிறார். அவர் விரல்களையும் இயேசுவின் விரல்களையும் மாறி மாறிப் பாருங்கள். வேதனை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குத் தொற்றியிருக்கிறது. அவருக்குப் பின்னால் வெள்ளை உடுப்பில் இயேசுவின் தாய் மரியா, சீடர் யோவானின் கையில் சாய்ந்து நினைவிழக்கிறார். யாரும் தைரியமாக நிற்கவில்லை. விசுவாசி துன்பத்தில் கலங்கக் கூடாது என்ற எண்ணத்தோடு வருகிறவர்கள் இந்த மூன்று பேரின் முன் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

பலகைகள் சேரும் கோட்டையும் கவனியுங்கள். அது இயேசுவின் உடலுக்கு நடுவே போகாமல் சற்று இடப்புறம் ஓடுகிறது. கதவைத் திறக்கும்போது ஒரு கை உடலை விட்டுப் பிரியும். அடிப்பலகையைத் திறந்தால் கால்கள் பிரியும். கை கால் அறுக்கப்பட்ட நோயாளிகள் பார்த்த படம் இது என்பதால், இது தெரிந்தே செய்தது என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு.

பக்கப் பலகையில் நிற்கும் அந்தோணியாரின் தலைக்குப் பின்னால், வட்ட வட்டக் கண்ணாடி வைத்த சன்னலை ஒரு பேய் உடைத்துக்கொண்டு மூச்சு விடுகிறது. அவர் திரும்பவே இல்லை. சின்ன விஷயம், ஆனால் பலர் பார்க்காமலே போய்விடுவார்கள்.

இப்போது பின்பக்கம் போகலாம். இங்கே ஒரு குழப்பம் வரும். சிலுவைக் கதவுகளின் பின்பக்கத்தில்தான் மங்கள வார்த்தையும் உயிர்ப்பும் இருக்கின்றன. கதவு திறந்தால் மங்கள வார்த்தை இடப்பக்கமும் உயிர்ப்பு வலப்பக்கமும் வர வேண்டும். கதவு மூடிய நிலையிலேயே பின்னால் போய்ப் பார்ப்பதால் இடம் வலமாகிவிடும், இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய இயேசு பிறப்பு உங்கள் முதுகுக்குப் பின்னால், அடுத்த பலகை வரிசையில் இருக்கும். எனவே இரண்டு வரிசைகளுக்கும் நடுவில் நின்றுகொண்டு, முதலில் மங்கள வார்த்தை, பிறகு அப்படியே திரும்பி இயேசு பிறப்பு, பிறகு மறுபடி திரும்பி உயிர்ப்பு என்று பாருங்கள். கதை ஒழுங்காக வந்துவிடும்.

இயேசு பிறப்பில் மரியாவின் கையில் இருக்கும் குழந்தையைச் சுற்றிய துணியைப் பாருங்கள். கிழிந்த கந்தல். சிலுவையில் இயேசுவின் இடுப்பில் இருந்ததும் இதே மாதிரிக் கந்தல்தான். பக்கத்தில் தொட்டில், குளிப்பாட்டும் மரத்தொட்டி, மலச்சட்டி. ஓவியத்தில் இவற்றை யாரும் இவ்வளவு மரியாதையாக வைப்பதில்லை. மருத்துவமனையில் தினமும் கண்ணில் படுகிற சாமான்கள் இவை. அசுத்தம், நாற்றம், கட்டுத்துணி இவற்றுக்கு நடுவில் கிடந்தவர்களுக்கு இறைவன் அங்கேதான் வந்து பிறந்தார் என்று சொல்ல இதைவிடத் தெளிவான வழி இல்லை.

உயிர்ப்புக்கு வருவோம். இரவு வானத்தில் நட்சத்திரங்கள், அதன் நடுவே சூரியன்போல் பெரிய ஒளிவட்டம். மஞ்சளில் தொடங்கி, செம்மஞ்சள், சிவப்பு என்று போய் நீலப்பச்சையில் கரைகிறது. இயேசுவின் முகம் அந்த ஒளியிலேயே பாதி கரைந்துவிட்டது. 2018 முதல் 2022 வரை நடந்த புதுப்பிப்பு வேலையில் பலகைகளில் மஞ்சளேறிப்போன வார்னிஷை எடுத்துவிட்டார்கள், அதனால் பழைய புத்தகங்களில் பார்த்த நிறத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். நேரில் இன்னும் தெளிவாக இருக்கிறது. முக்கியமானது தோல்தான். சிலுவையில் பார்த்த பச்சை இல்லை, முள் இல்லை, ஒரு கொப்புளம்கூட இல்லை. ஆனால் ஐந்து காயங்களும் இருக்கின்றன. உள்ளங்கைகளை விரித்து நம்மிடம் காட்டுகிறார், அந்தக் காயங்களிலிருந்தே வெளிச்சம் வருகிறது.

என்னைப் பொறுத்தவரை மொத்தத் தொகுதியின் மையம் இந்த இடம். கிறிஸ்தவ நம்பிக்கையைப் பற்றிப் பேசும்போது இரண்டு பக்கமும் சறுக்கல் உண்டு. ஒரு பக்கம், துன்பமே நல்லது, ஆண்டவர் கொடுத்த பரிசு என்று அதைக் கொண்டாடுவது. இன்னொரு பக்கம், விசுவாசம் இருந்தால் துன்பமே தெரியாது, எல்லாம் துடைத்து எடுக்கப்பட்டுவிடும் என்பது. குரூனேவால்ட் நோயைத் துடைத்து எடுத்துவிட்டார், காயத்தை வைத்துக்கொண்டார். நோய் நோய்தான், அது போக வேண்டியதுதான். ஆனால் ஒருவர் பட்டது படாததாக ஆகிவிடுவதில்லை. யோவான் 20-ல் தோமாவுக்கு இயேசு காட்டியதும் ஆணித் தழும்புகளைத்தான். ஒரு காலை இழந்தவனுக்கு, பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு, "எல்லாம் மறந்துபோகும்" என்ற ஆறுதலைவிட இது உண்மையானது, தாங்கவும் கூடியது.

மூன்றாவதாக, அடுத்த வரிசையின் பின்பக்கம். ஒன்றில் வனத்து அந்தோணியார், இன்னொரு பாலைவனத் துறவியான வனத்துச் சின்னப்பரைப் பார்க்க வந்திருக்கிறார். மேலே ஒரு காகம் இருவருக்குமான ரொட்டியைக் கொண்டுவருகிறது. ரொட்டியால் வந்த நோயில் கிடப்பவர்களுக்கு இந்தக் காகத்தின் அலகு என்னவாகத் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். காலடியில் வளரும் செடிகள் வெறும் அலங்காரம் இல்லை, மடத்தின் வைத்தியத்தில் பயன்பட்ட மூலிகைகள். அப்படியே அடையாளம் காணும்படி வரையப்பட்டிருக்கின்றன.

மற்றது அந்தோணியாரின் சோதனை. அதில் பேய்கள் அவரைப் போட்டு அடிக்கின்றன, தலைமுடியைப் பிடித்து இழுக்கின்றன. கீழே இடது மூலையில் வயிறு வீங்கி, உடம்பெல்லாம் புண்ணாகி, சவ்வு வைத்த பாதத்தோடு ஒரு உருவம் மல்லாந்து கிடக்கிறது. பேயா நோயாளியா என்று சொல்ல முடியாது. அதைப் பார்த்துவிட்டு எல்லாரும் நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் வலது கீழ் மூலைக்குப் போய்க் குனியுங்கள். ஒரு மரக்கட்டையில் சின்னக் காகிதம் ஒட்டியிருக்கும். அதில் லத்தீனில் எழுதியிருப்பதன் பொருள்: நல்ல இயேசுவே, எங்கே இருந்தீர், எங்கே இருந்தீர்? என் காயங்களைக் குணமாக்க ஏன் வரவில்லை?

ஒரு மருத்துவமனைக் கோயிலின் பீடத்தில், துறவிகள் பணம் கொடுத்து வரைவித்த படத்தில், புனிதரின் பெயராலேயே இந்தக் கேள்வி எழுதப்பட்டிருக்கிறது. லாசர் இறந்தபோது மார்த்தா இயேசுவிடம் நேராகச் சொன்னதும் இதுதான்: நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் செத்திருக்க மாட்டான். அவளை இயேசு கடிந்துகொள்ளவில்லை. நாம்தான் நோயாளி வீட்டில் யாராவது இப்படிக் கேட்டுவிட்டால் உடனே தடுத்து, "அப்படியெல்லாம் சொல்லக் கூடாது" என்கிறோம். யோபு 3-ம் அதிகாரமும் திருப்பாடல் 22-ம் அதைத் தடுக்கவில்லை. அந்தோணியாரின் சரித்திரத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் வருகிறது: இங்கேதான் இருந்தேன், உன் போராட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று. ஓவியர் அந்தப் பதிலை எழுதவில்லை. தலைக்கு மேலே வெகு தூரத்தில், வெளிச்சத்துக்குள் இறைவன் வீற்றிருக்கிறார், வானதூதர்கள் பேய்களோடு சண்டை போடத் தொடங்கிவிட்டார்கள். கீழே இருக்கும் அந்தோணியாருக்கு அது தெரியவில்லை. பார்க்கிற நமக்குத் தெரிகிறது. மருத்துவமனை ஊழியத்தில் இருக்கிறவர்கள் ஒரே ஒரு பலகைக்கு நேரம் ஒதுக்க முடியும் என்றால், நான் இதைத்தான் சொல்வேன்.

சிற்பங்களுக்கு அதிக நேரம் தேவையில்லை. நடுவில் அமர்ந்திருக்கும் அந்தோணியாரின் இரு பக்கமும் காணிக்கை கொண்டுவருகிற இரண்டு சிறு உருவங்கள், ஒருவரிடம் சேவல், மற்றவரிடம் பன்றி. வனத்து அந்தோணியார் கோயில்களுக்கு ஆடு கோழி நேர்ந்துவிடுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மொத்தத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் வேண்டும், அதில் பாதியைச் சிலுவைக்கும் அந்தோணியாரின் சோதனைக்கும் வையுங்கள். போவதற்கு முன்பே திருப்பாடல் 22-ஐ முழுவதும் படித்துவிடுங்கள். பெரிய வெள்ளியில் பாதியோடு நிறுத்திப் பழகிவிட்டோம், 31 வசனமும் படித்தால்தான் அழுகை எங்கே போய்ச் சேருகிறது என்று தெரியும். அதோடு எசாயா 53, யோவான் 11, உரோமையர் 8-ல் 18 முதல் 27 வரை. குழுவாகப் போனால் ஆறு எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். ஓவியத்துக்கு முன்னால் நின்று பிரசங்கம் வேண்டவே வேண்டாம், மற்றவர்களுக்கும் இடைஞ்சல், உங்கள் குழுவும் படத்தை விட்டுவிட்டு உங்கள் வாயைப் பார்க்கும். பேசுவதை வெளியே மடத்தின் உள்முற்றத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சிறு பிள்ளைகளை நேராகச் சிலுவைக்கு முன் நிறுத்தாமல் வானதூதர்களின் இசையிலிருந்து தொடங்குங்கள். சமீபத்தில் உறவினரை ஆஸ்பத்திரியில் பறிகொடுத்தவர்களுக்கு என்ன பார்க்கப் போகிறார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. அவர்களைத் தடுக்க வேண்டியதில்லை, தனியாக விடாமல் இருந்தால் போதும்.

போக முடியாதவர்களுக்கும், ஜெபக் கூட்டத்தில் காட்ட நினைப்பவர்களுக்கும்: சிலுவைப் படத்தை மட்டும் அச்சிட்டு மாட்டாதீர்கள், அது பாதிதான். மடிக்கும் மாதிரி ஒன்றை வீட்டிலேயே செய்யலாம். கெட்டி அட்டையில் 24 செ.மீ. அகலம், 21 செ.மீ. உயரத்துக்குப் பின்பலகை ஒன்று, 12 செ.மீ. அகலத்தில் நான்கு கதவுகள். பின்பலகையில் சிற்பப் படம். உள்ஜோடிக் கதவுகளில் முன்பக்கம் இசையும் பிறப்பும், பின்பக்கம் இடக்கதவில் சின்னப்பர் சந்திப்பு, வலக்கதவில் சோதனை. வெளிஜோடியில் முன்பக்கம் சிலுவை, பின்பக்கம் இடக்கதவில் மங்கள வார்த்தை, வலக்கதவில் உயிர்ப்பு. சிலுவைப் படத்தை வெட்டும்போது இயேசுவின் உடலுக்குக் குறுக்கே வெட்டிவிடாதீர்கள், கோடு உடலுக்கு இடப்புறம் போக வேண்டும். வெளிஜோடியை ஒட்டும்போது இரண்டு அட்டை கனத்துக்கு இடைவெளி விட்டுத் துணிநாடா ஒட்டுங்கள், இல்லாவிட்டால் மூடும்போது நடுவில் தூக்கிக்கொண்டு நிற்கும். பசை காய்வதற்கு முன் ஒரு முறை திறந்து மூடிப் பாருங்கள், பின்பக்கப் படங்கள் இடம் வலமாக மாறிவிடுவதுதான் வழக்கமான தவறு. நோயாளியைப் பார்க்கப் போகும்போது மூடிய நிலையிலேயே கையில் கொடுத்து, எப்போது திறப்பது என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள்.

பயணம் எளிது. ஸ்ட்ராஸ்பூர்கிலிருந்து ரயிலில் சுமார் அரை மணி நேரம், சுவிட்சர்லாந்தின் பாசலிலிருந்து முக்கால் மணி நேரம். பாரிசிலும் பாசல் பக்கத்திலும் இருக்கும் நம் மக்களுக்கு ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரம்தான். கோல்மார் நிலையத்திலிருந்து அருங்காட்சியகத்துக்கு இருபது நிமிட நடை. செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை மறக்க வேண்டாம். கட்டணம் அவ்வப்போது மாறும், கிளம்புமுன் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தைக் கூட்டத்தில் ஊரே நெரியும், அந்த மாதத்தைத் தவிர்த்து, தவக்காலத்தில் ஒரு வார நாள் காலையில் கதவு திறந்தவுடன் போவது உத்தமம். ஒலிவழிகாட்டி தமிழில் கிடையாது. எட்டாத உயரத்தில் இருக்கும் விவரங்களுக்குச் சின்ன பைனாகுலர் ஒன்று கைவசம் இருந்தால் விரல்களும் வானத்து ஒளியும் நன்றாகக் கிடைக்கும். நேரம் மிஞ்சினால், சில நிமிட நடையில் இருக்கும் தொமினிக்கன் கோயிலில் மார்ட்டின் ஷோன்காவர் 1473-ல் வரைந்த ரோஜாத் தோட்டத்து மரியாவையும் பார்த்துவிட்டு ரயில் ஏறலாம்.